உலக வர்த்தகத்தின் மேல்முறையீட்டு மன்றம் ஆளில்லாமல் போன கதை

2003 டிசம்பர் 4 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், இறக்குமதி எஃகின் மேல் தாம் விதித்திருந்த கூடுதல் வரியைத் திரும்பப் பெற்றார். அது 2002 மார்ச்சில் வந்த வரி. சில வகை எஃகுக்கு 30 சதவீதம் வரை போனது. மூன்று ஆண்டுகள் நீடிப்பதாகத் திட்டம். ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், தென் கொரியா, சீனா, சுவிட்சர்லாந்து, நார்வே, நியூசிலாந்து, பிரேசில் என்று எட்டுத் தரப்புகள் ஜெனீவாவில் வழக்குத் தொடுத்தன. 2003 நவம்பர் 10 அன்று உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம், அமெரிக்கா செய்தது விதிமீறல் என்று தீர்ப்பளித்தது. வரியை எடுக்காவிட்டால் இருநூறு கோடி டாலருக்கும் அதிகமான அமெரிக்கச் சரக்குகளுக்குப் பதில் வரி போடுவோம் என்று ஐரோப்பியர்கள் பட்டியலோடு காத்திருந்தார்கள். பட்டியலில் புளோரிடா ஆரஞ்சும் இருந்தது. அந்த மாநிலத்தை 537 வாக்கு வித்தியாசத்தில் வென்று பதவிக்கு வந்தவர் புஷ்; மறு ஆண்டு மீண்டும் தேர்தல். கணக்கு அவருக்குப் புரிந்தது.

அது ஈராக் மீது படையெடுத்து ஒன்பது மாதம்கூட நிறையாத நேரம். ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் என்ன நினைக்கிறது என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் போருக்குப் போன அதே நிர்வாகம், எஃகு வரியில் ஜெனீவாவின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது.

2022 டிசம்பர் 9. மீண்டும் எஃகு. 2018இல் டொனால்ட் டிரம்ப் எஃகுக்கு 25 சதவீதமும் அலுமினியத்துக்கு 10 சதவீதமும் விதித்த வரி செல்லாது என்று உலக வர்த்தக அமைப்பின் முதல்நிலை விசாரணைக் குழு கூறியது. வழக்காடியவர்கள் சீனா, நார்வே, சுவிட்சர்லாந்து, துருக்கி. முதல் மூவரும் 2003இலும் வாதிகளாக இருந்தவர்கள்தான். இந்த முறை வெள்ளை மாளிகையில் இருந்தவர் ஜோ பைடன்; கூட்டாளிகளை மதிப்பேன், பன்னாட்டு ஒத்துழைப்பை மீட்பேன் என்று சொல்லி வந்தவர். தீர்ப்பு வந்த அன்றே அவருடைய வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம், வரியை எடுக்கப் போவதில்லை, தேசப் பாதுகாப்பு விஷயத்தில் உலக வர்த்தக அமைப்புக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று அறிவித்துவிட்டது. அடுத்த மாதமே அமெரிக்கா மேல்முறையீடும் செய்தது. அதை விசாரிக்க அந்த மன்றத்தில் ஒருவர்கூட இல்லை. இல்லாமல் செய்தது அமெரிக்காதான்.

இந்த இரண்டு டிசம்பர்களுக்கும் நடுவில் நடந்ததுதான் இந்த ஆய்வின் பொருள். உலக அதிகாரச் சமநிலை மாறுகிறது என்று பேசும்போது நாம் கப்பற்படைகளையும் உள்நாட்டு உற்பத்தி மதிப்பையும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். தலைமை எப்படித் தேய்கிறது என்பதைப் பார்க்க, ஏழு பேர் உட்கார்ந்திருந்த ஒரு மன்றம் எப்படிக் காலியானது என்று பார்ப்பது இன்னும் பயனுள்ளது என்பது என் கருத்து.

வாசல் திறந்தது யார்?

1947இல் 23 நாடுகள் கையெழுத்திட்ட காட் என்ற வர்த்தக ஒப்பந்தத்திலும் தகராறுகளை விசாரிக்கும் ஏற்பாடு இருந்தது. ஆனால் தீர்ப்பு செல்லுபடியாக வேண்டுமென்றால் எல்லா நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். தோற்ற நாடும் அதில் அடக்கம். தோற்றவன் கையில் தடுப்பதிகாரத்தைக் கொடுத்த ஏற்பாடு அது. இதனால் அதிகம் எரிச்சலடைந்தது அமெரிக்கா. ஐரோப்பாவின் வேளாண் மானியங்களுக்கு எதிராக வழக்காடி வென்றாலும் தீர்ப்பு காகிதத்தோடு நின்றுவிடும் நிலை. எனவே 1986 முதல் 1994 வரை நடந்த உருகுவே சுற்றுப் பேச்சுவார்த்தையில், தீர்ப்புகள் கட்டாயமாகச் செல்ல வேண்டும் என்று முன்னின்று வாதாடியது அமெரிக்கா.

1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது அந்த விதி தலைகீழானது. தீர்ப்பைத் தடுக்க வேண்டுமென்றால்தான் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். வென்ற நாடும் சேர்ந்து! நடக்கிற காரியமா? ஆகவே தீர்ப்புகள் ஏறத்தாழத் தாமாகவே நடைமுறைக்கு வந்தன. இவ்வளவு கூர்மையான ஆயுதத்தைக் கொடுக்கும்போது, விசாரணைக் குழு தவறிழைத்தால் திருத்த ஒரு மேலிடம் வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியது. அப்படி உருவானதுதான் மேல்முறையீட்டு மன்றம். ஏழு உறுப்பினர்கள், நான்காண்டுப் பதவி, ஒருமுறை நீட்டிக்கலாம். ஒவ்வொரு வழக்கையும் மூவர் விசாரிப்பார்கள். 90 நாளுக்குள் முடிக்க வேண்டும்.

ஓட்டை எங்கே இருந்தது என்றால், தீர்ப்பைத் தனி நாடு தடுக்க முடியாதபடி கதவை அடைத்தவர்கள், உறுப்பினர் நியமனத்தை மட்டும் பழைய வழியிலேயே விட்டுவைத்தார்கள். எல்லா நாடுகளும் ஒருமனதாக ஒப்புக்கொண்டால்தான் ஒருவரை நியமிக்க முடியும். 1994இல் யாருக்கும் இது ஆபத்தாகத் தெரியவில்லை. மன்றத்தை வேண்டும் என்று கேட்டு வாங்கியவனே அதை ஆளில்லாமல் சாகடிப்பான் என்று எந்தச் சட்ட வரைவாளர் நினைத்திருப்பார்?

முதல் இருபது ஆண்டுகளில் மன்றம் தன் மதிப்பைக் காட்டியது. அதன் முதல் தீர்ப்பே 1996இல் பெட்ரோல் தர விதி தொடர்பாக வெனிசுவேலாவும் பிரேசிலும் தொடுத்த வழக்கில் அமெரிக்காவுக்கு எதிராக வந்தது. 1998இல் தீர்ப்பானது இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, தாய்லாந்து நான்கும் சேர்ந்து தொடுத்த இறால் வழக்கு: வலையில் கடலாமை தப்பிச்செல்லும் கருவி பொருத்தாத நாடுகளின் இறாலை அமெரிக்கா தடுத்திருந்தது. ஆமையைக் காப்பது சரி, ஆனால் நாட்டுக்கு நாடு பாரபட்சம் காட்டியது தவறு என்றது மன்றம். அமெரிக்கா தன் விதிமுறைகளைத் திருத்திக்கொண்டது. 2014இல் அரிய மண் தாதுக்களின் ஏற்றுமதிக்கு அளவு வைத்ததற்காகச் சீனா தோற்றது. மறு ஆண்டே அந்த அளவுமுறையை எடுத்தது.

எல்லாம் நேர்மையாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு லட்சம் பேர் அளவில் வாழும் ஆன்டிகுவா-பார்புடா என்ற தீவு நாடு, இணையச் சூதாட்டத் தடை தொடர்பான வழக்கில் அமெரிக்காவை வென்றது. ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் அளவுக்குப் பதில் நடவடிக்கை எடுக்கலாம் என்று 2007இல் நடுவர் தீர்ப்பும் வந்தது. அமெரிக்கா அசையவில்லை. ஆன்டிகுவா எதன் மேல் வரி போட்டு அமெரிக்காவை நோகடிக்கும்? சிறியவனுக்கு இந்த மன்றம் எப்போதுமே பாதி மன்றம்தான். ஆனால் பெரியவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதும்போது அது வேலை செய்தது. பெரியவர்கள் மோதாமல் இருந்தால் நடுத்தரமானவர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.

கசப்பு

டிரம்ப் என்ற ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டுக் கை கழுவுவது எளிது. ஆனால் அது உண்மைக்குப் பொருந்தாது.

அமெரிக்காவின் புகார்களில் முக்கியமானது பொருள்குவிப்புத் தடுப்பு வரி பற்றியது. சொந்த நாட்டில் விற்கும் விலைக்கும் கீழே சரக்கைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று கண்டால் விதிக்கிற வரி அது. அந்த விலை வித்தியாசத்தைக் கணக்கிடும்போது, வெளிநாட்டு நிறுவனம் அதிக விலைக்கு விற்ற பரிவர்த்தனைகளைப் பூஜ்யம் என்று வைத்துவிட்டுக் குறைந்த விலைக்கு விற்றவற்றை மட்டும் கூட்டும் பழக்கம் அமெரிக்க வர்த்தகத் துறைக்கு இருந்தது. அப்படிக் கணக்கிட்டால் யார்தான் குற்றவாளி ஆகமாட்டார்? ஐரோப்பா, ஜப்பான், மெக்சிகோ என்று ஒருவர் பின் ஒருவராக வழக்காடினார்கள். அமெரிக்கா தோற்றுக்கொண்டே வந்தது. ஒப்பந்தத்தில் இல்லாத கடமைகளை நீதிபதிகளே எழுதுகிறார்கள் என்ற முறுமுறுப்பு வாஷிங்டனில் அங்கிருந்து வளர்ந்தது.

2011 மார்ச் தீர்ப்பு புண்ணில் உப்பைத் தேய்த்தது. சீன அரசு வங்கிகளும் அரசு எஃகு ஆலைகளும் தரும் சலுகை, மானியம் ஆகுமா என்பது கேள்வி. அரசு பெரும்பான்மைப் பங்கு வைத்திருப்பதாலேயே ஒரு நிறுவனம் அரசு அமைப்பு ஆகிவிடாது, அது அரசின் அதிகாரத்தைச் செலுத்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்றது மன்றம். சட்ட நுணுக்கத்தில் இது தர்க்கமான நிலைதான். ஆனால் கட்சியும் அரசும் வங்கியும் ஆலையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஒரு பொருளாதாரத்துக்கு முன்னால் இந்த அளவுகோல் கையாலாகாதது என்று அமெரிக்கர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2001 டிசம்பர் 11 அன்று சீனா உறுப்பினரானபோது, காலப்போக்கில் அது சந்தைப் பொருளாதாரமாக மாறிவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது மாறவில்லை. இன்று உலகின் எஃகில் பாதிக்கு மேல் சீனாவில் உருகுகிறது. 1994இல் எழுதிய விதிகள் இப்படியொரு உற்பத்தியாளரை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. அவற்றை மாற்றப் புதிய ஒப்பந்தம் வேண்டும். 2001இல் தொடங்கிய தோஹா சுற்றுப் பேச்சுவார்த்தையோ படுத்துவிட்டது. பேசித் தீர்க்க முடியாததையெல்லாம் ஏழு பேர் தீர்ப்பெழுதித் தீர்க்கட்டும் என்று உலகம் விட்டுவிட்டது. இதில் மன்றத்தின் பங்கும் உண்டு: 2011க்குப் பிறகு 90 நாள் கெடுவை, வழக்காடும் நாடுகளைக் கேட்காமலே தாண்டுவது வழக்கமாகிப் போனது.

முடக்கம் தொடங்கியதும் அங்கேதான். 2011இல் ஒபாமா நிர்வாகம், தன் நாட்டு உறுப்பினரான ஜெனிபர் ஹில்மனுக்கே இரண்டாம் முறை ஆதரவு தரவில்லை. 2016 மே மாதம் தென் கொரியாவின் சுங் வா சாங்கின் மறுநியமனத்தைத் தடுத்தது. அவர் பங்கேற்ற தீர்ப்புகள் பிடிக்கவில்லை என்பதை வெளிப்படையாகவே காரணமாகச் சொன்னது. தீர்ப்புக்காக நீதிபதியைத் தண்டிப்பது சரியல்ல என்று மற்ற நாடுகள் எதிர்த்தன. என்னைக் கேட்டால், இந்தக் கதையின் திருப்பம் 2017இல் அல்ல, இந்த மே மாதத்தில்தான் இருக்கிறது. ஒரு நீதிபதியைத் தடுக்கலாம் என்று ஒருவர் காட்டிவிட்டால், எல்லோரையும் தடுக்கலாம் என்று அடுத்தவர் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

ஒவ்வொருவராக

அந்த அடுத்தவர் ராபர்ட் லைட்ஹைசர். எஃகு நிறுவனங்களுக்காகப் பல்லாண்டு வாதாடிய வழக்கறிஞர். 2017இல் டிரம்பின் வர்த்தகப் பிரதிநிதியானார். அவர் உலக வர்த்தக அமைப்பை விட்டு வெளியேறவில்லை. புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத் தொடங்கச் சம்மதிக்க மறுத்தார், அவ்வளவுதான். மிச்ச வேலையைக் காலண்டர் பார்த்துக்கொண்டது.

2017 ஜூன் 30: மெக்சிகோவின் ரிக்கார்டோ ராமிரெஸின் பதவிக்காலம் முடிந்தது. ஆகஸ்ட் 1: தென் கொரியாவின் ஹியுன் சோங் கிம், சொந்த நாட்டில் வர்த்தக அமைச்சராக விலகிப் போனார். டிசம்பர் 11: பெல்ஜியத்தின் பீட்டர் வான் டென் போஷ். 2018 செப்டம்பர் 30: மொரீஷியஸின் சர்வான்சிங். ஒரு வழக்குக்கு மூவர் வேண்டும் என்ற மன்றத்தில் மிஞ்சியது சரியாக மூவர்: இந்தியாவின் உஜல் சிங் பாட்டியா, அமெரிக்காவின் தாமஸ் கிரகாம், சீனாவின் ஹோங் சாவ். 2019 டிசம்பர் 10 நள்ளிரவோடு பாட்டியா, கிரகாம் இருவரின் காலமும் முடிந்தது. தனியாக எந்த வழக்கையும் கேட்க முடியாத ஹோங் சாவ் 2020 நவம்பர் 30 வரை பதவியில் இருந்தார். அதற்குப் பிறகு ஏழு இடமும் காலி.

காப்பாற்ற யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. நியூசிலாந்துத் தூதர் டேவிட் வாக்கர் 2019இல் உட்கார்ந்து, அமெரிக்கா சொன்ன குறைகளை வரிசையாக எடுத்து ஒரு வரைவு தயாரித்தார்: 90 நாள் கெடு கண்டிப்பானது, முந்தைய தீர்ப்பு முன்னுதாரணமாகக் கட்டுப்படுத்தாது, ஒப்பந்தத்தில் இல்லாத கடமையை மன்றம் உருவாக்கக் கூடாது. அமெரிக்கா கேட்டது ஏறக்குறைய எல்லாமே அதில் இருந்தது. அமெரிக்கா ஏற்கவில்லை. இருக்கிற விதியையே மீறியவர்கள் புதிய விதியை மட்டும் மதிப்பார்களா, ஏன் மீறினார்கள் என்பதற்கு முதலில் பதில் சொல்லுங்கள் என்றார் அமெரிக்கத் தூதர் டென்னிஸ் ஷியா. கேட்டது கிடைத்தும் வேண்டாம் என்று சொல்கிறவருக்கு உண்மையில் வேண்டியது வேறு ஏதோ என்பது அப்போதே புலப்பட்டிருக்க வேண்டும்.

ஜெனீவா ஏரிக்கரையில் உலக வர்த்தக அமைப்பு இருக்கும் வில்லியம் ராப்பார்ட் மாளிகை, 1920களில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காகக் கட்டப்பட்டது. அங்கே தகராறு தீர்வுக் குழுவின் கூட்டம் ஏறத்தாழ மாதந்தோறும் நடக்கிறது. நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருள் தவறாமல் வரும்: மேல்முறையீட்டு மன்றத்துக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் பணியைத் தொடங்கக் கோரும் முன்மொழிவு. இப்போது 130 நாடுகளின் சார்பில் ஒரு லத்தீன் அமெரிக்க நாடு அதை வாசிக்கும். சில காலம் குவாத்தமாலா, பின்னர் கொலம்பியா. அமெரிக்கப் பிரதிநிதி, இதை ஆதரிக்கும் நிலையில் நாங்கள் இல்லை என்பார். அதன் பின் இருபது நாடுகளாவது எழுந்து வருத்தம் தெரிவிக்கும். தலைவர், ஒருமித்த கருத்து இல்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த பொருளுக்குப் போவார். எண்பது தடவைக்கு மேல் இது நடந்தாகிவிட்டது. அதிபர்கள் மாறினார்கள், தூதர்கள் மாறினார்கள், பதில் மாறவில்லை. 166 உறுப்பினர்களில் 130 பேர் கேட்கிறார்கள், ஒருவர் மறுக்கிறார். ஓட்டெடுப்பு நடத்தி அந்த ஒருவரைத் தோற்கடிக்க ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறது என்று சில சட்ட அறிஞர்கள் எழுதினார்கள். அதைச் செய்யும் துணிவு எந்த நாட்டுக்கும் வரவில்லை. அமெரிக்கா எழுந்து போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

என்னை அதிகம் உறுத்துவது இதுதான். தலைமை வகித்தவர் விலகினார் என்பது பாதிக் கதை. விலகியவரின் இடத்தைத் தொட மற்ற 130 பேருக்கும் கை நடுங்கியது மீதிப் பாதி.

ஓட்டையைப் பயன்படுத்திக்கொண்டவர்கள்

மன்றம் இல்லை, ஆனால் மேல்முறையீடு செய்யும் உரிமை இருக்கிறது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை விசாரணைக் குழுவின் தீர்ப்பு செல்லுபடியாகாது. ஆகவே தோற்ற நாடு ஒரு கடிதம் எழுதினால் போதும், வழக்கு ஆயுளுக்கும் தொங்கும். காட் காலத்துத் தடுப்பதிகாரம் புறவாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

இந்த வழியை முதலில் பயன்படுத்தியது அமெரிக்கா, எதிர்த்தரப்பு இந்தியா. இந்தியாவின் சூடாக்கி உருட்டிய எஃகுக்கு அமெரிக்கா விதித்த வரி பற்றிய பழைய வழக்கு அது. இந்திய அரசுச் சுரங்க நிறுவனமான என்.எம்.டி.சி. தரும் இரும்புத் தாது அரசு மானியமா என்ற கேள்விகூட அதில் இருந்தது. மன்றம் முடங்கி எட்டே நாளில், 2019 டிசம்பர் 18 அன்று, அமெரிக்கா மேல்முறையீடு செய்தது.

நாம் மட்டும் சளைத்தவர்களா? நம் ஏற்றுமதி ஊக்கத் திட்டங்கள் விதிமீறல் என்று 2019 அக்டோபர் 31 அன்று தீர்ப்பு வந்தபோது, மன்றத்துக்கு இன்னும் மூன்று வாரமே உயிர் இருக்கிறது என்று தெரிந்த நவம்பர் 19 அன்று இந்தியா மேல்முறையீடு செய்தது. 2021 டிசம்பரில் கரும்பு வழக்கு: மத்திய அரசு நிர்ணயிக்கும் கரும்பு விலையும் மாநில அரசுகள் அதன் மேல் அறிவிக்கும் விலையும் அனுமதித்த 10 சதவீத ஆதரவு வரம்பைத் தாண்டிவிட்டன என்று பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா வென்றன. சில வாரங்களில் அதுவும் கிடப்புக்குப் போனது. குவாத்தமாலா யார் என்று நினைவிருக்கும். மாதந்தோறும் மன்றத்தைக் கேட்டு மனு வாசித்த நாடு. 2023இல் கைபேசி உள்ளிட்ட மின்னணுப் பொருள்களின் இறக்குமதி வரி வழக்கில் ஜப்பானிடமும் ஐரோப்பாவிடமும் தோற்றபோதும் இந்தியா அதே வழியில் போனது.

கரும்பு விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஜெனீவாவில் மன்றத்தை மீட்டுத் தாருங்கள் என்று உரக்கக் கேட்கும் நாடு, அது இல்லாததன் வசதியையும் அனுபவிக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இந்தோனேசியாவின் கணக்கு இதைவிடப் பெரிது. 2020 ஜனவரியில் நிக்கல் தாது ஏற்றுமதியை அது தடைசெய்தது. தாது வேண்டுமென்றால் எங்கள் நாட்டுக்கு வந்து உருக்காலை கட்டுங்கள் என்பது அதன் நிலைப்பாடு. சீன நிறுவனங்கள் போய்க் கட்டின. ஐரோப்பா வழக்குப் போட்டு 2022 நவம்பர் 30 அன்று வென்றது. அடுத்த மாதம் இந்தோனேசியா மேல்முறையீடு செய்தது. தடை நீடிக்கிறது, உருக்காலைகள் ஓடுகின்றன. ஏழை நாடு தன் மண்ணின் வளத்தைக் கொண்டு முன்னேறப் பார்க்கிறது என்று இதைப் படிக்கலாம். நானும் அப்படிப் படிக்கவே விரும்புகிறேன். ஆனால் இந்த வழி திறந்தது நீதியால் அல்ல, நடுவர் இல்லாததால்.

ஐரோப்பாவும் சீனாவும்

முற்றிலும் கைகட்டி நின்றார்கள் என்று சொல்வது நியாயமாகாது. 2020 ஏப்ரல் 30 அன்று ஐரோப்பிய ஒன்றியம், சீனா, கனடா, ஆஸ்திரேலியா, பிரேசில் முதலிய நாடுகள் சேர்ந்து ஒரு தற்காலிக ஏற்பாட்டைச் செய்துகொண்டன. தங்களுக்குள் தகராறு வந்தால் பத்து நடுவர்களில் மூவரிடம் மேல்முறையீடு செய்துகொள்ளலாம். 2023இல் ஜப்பானும் சேர்ந்தது. அமெரிக்கா இல்லை, இந்தியாவும் இல்லை.

இந்த ஏற்பாட்டின் முதல் தீர்ப்பு 2022 டிசம்பர் 21 அன்று வந்தது. உறைய வைத்த உருளைக்கிழங்கு வறுவலைப் பற்றியது. பெல்ஜியம், ஜெர்மனி, நெதர்லாந்திலிருந்து வரும் வறுவலுக்குக் கொலம்பியா பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டிருந்தது. பெரும்பகுதி ஐரோப்பாவின் பக்கம் தீர்ந்தது. கேலியாகச் சொல்லவில்லை: உருளைக்கிழங்கு வறுவலுக்குக்கூட நடுவர் கிடைத்தார்கள். அதே ஆண்டில் எஃகு, நிக்கல் இரண்டுக்கும் கிடைக்கவில்லை. விதிக்கு உட்பட விரும்புகிறவர்கள் தங்களுக்குள் விதியை வைத்துக்கொண்டார்கள். உட்பட விரும்பாதவர்கள் வெளியே நின்றார்கள். உலகத்தின் பெரிய சண்டைகள் அந்த வெளியில்தான் நடக்கின்றன.

சீனா இந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று 2017இல் பலர் எழுதினார்கள். அந்த ஜனவரியில் டாவோஸ் உலகப் பொருளாதார மன்ற மேடையில் ஷி ஜின்பிங் உலகமயத்தை ஆதரித்துப் பேசியது பெரிய செய்தி. பிறகு நடந்தது வேறு. கொரோனாவின் தோற்றம் பற்றி விசாரணை வேண்டும் என்று ஆஸ்திரேலியா கேட்டதும், 2020இல் அதன் பார்லிக்கு 80 சதவீதத்துக்கு மேல் வரி, ஒயினுக்கும் வரி. தைவான் பிரதிநிதி அலுவலகத்துக்கு அனுமதி கொடுத்த லித்துவேனியாவின் சரக்குகள் சீனத் துறைமுகங்களில் தேங்கின. 2025இல் அரிய மண் தாதுக்களுக்கு ஏற்றுமதி அனுமதிக் கட்டுப்பாடு. 2014 தீர்ப்புக்குக் கட்டுப்பட்ட அதே துறை. 2025 செப்டம்பரில், வளரும் நாடு என்ற தகுதியில் புதிய சலுகைகளை இனி உலக வர்த்தக அமைப்பில் கேட்கமாட்டோம் என்று பிரதமர் லி சியாங் அறிவித்தது நல்ல நகர்வுதான். ஆனால் மற்றவர்களின் சரக்கை வாங்கி, மானியத்தைக் குறைத்து, தனக்கு எதிரான தீர்ப்பையும் விழுங்கிக்காட்டுவதுதான் தலைமை. அந்த விலையைக் கொடுக்கச் சீனா தயாராக இருப்பதாகத் தெரியவில்லை. எடை இருக்கிறது, ஏற்கும் விருப்பம் இல்லை.

ஐரோப்பாவுக்கு விருப்பம் இருக்கிறது, எடை போதவில்லை. 2025 ஜூலை 27 அன்று ஸ்காட்லாந்தில் டிரம்பின் டர்ன்பெரி கோல்ப் விடுதியில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லையன் ஓர் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார்: ஐரோப்பியச் சரக்கில் பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்கா 15 சதவீத வரி விதிக்கும், ஐரோப்பா பதில் வரி போடாது. 2003இல் ஆரஞ்சுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு புஷ்ஷை இறங்க வைத்த ஐரோப்பா அது. உக்ரைன் போர் நடக்கும்போது அமெரிக்க ராணுவக் குடையை இழக்க முடியாது என்பது ஒரு காரணம். வர்த்தகச் சண்டையும் பாதுகாப்பும் தனித்தனி மேசைகளில் பேசப்பட்ட காலம் முடிந்துவிட்டது.

அதற்கு முன்னோட்டம் 2019இலேயே கிடைத்திருந்தது. உக்ரைனின் சரக்கு தன் வழியே போவதை ரஷ்யா தடுத்தது தொடர்பான வழக்கு. தேசப் பாதுகாப்பு என்று ஒரு நாடு சொல்லிவிட்டால் அதை யாரும் விசாரிக்க முடியாது என்று ரஷ்யா வாதிட்டது. மூன்றாம் தரப்பாக வந்து அதே வாதத்தைச் சொன்னது அமெரிக்கா. உக்ரைன் விஷயத்தில் ரஷ்யாவும் அமெரிக்காவும் ஒரே குரலில் பேசிய இடம் அது. விசாரிக்க முடியும் என்றே குழு சொன்னது. ஆனால் அந்த வழக்கில் ரஷ்யாவின் நடவடிக்கையை ஏற்றுக்கொண்டது.

இந்தியாவின் பேரம்

மன்றம் இல்லாத உலகத்தில் நேருக்கு நேர் பேசித் தீர்த்துக்கொள்வதே மேல் என்று டெல்லி முடிவுசெய்தது. 2023 ஜூனில் பிரதமர் மோடி வாஷிங்டன் போனபோது, இரு நாடுகளுக்கும் இடையே உலக வர்த்தக அமைப்பில் நிலுவையில் இருந்த ஆறு வழக்குகள் ஒரே மூச்சில் முடிக்கப்பட்டன. மேலே சொன்ன எஃகு வழக்கும் ஏற்றுமதி ஊக்க வழக்கும் அவற்றில் அடக்கம். டிரம்பின் 2018 எஃகு வரிக்கு எதிராக இந்தியா தொடுத்த வழக்கும் அடக்கம். அமெரிக்க ஆப்பிள், பாதாம், வால்நட், கொண்டைக்கடலை ஆகியவற்றின் மேல் போட்டிருந்த பதில் வரியை இந்தியா எடுத்துவிடும். இந்திய எஃகு, அலுமினியத்துக்கு வரிவிலக்கு கேட்டு வரும் விண்ணப்பங்களில் பெரும்பகுதியை அமெரிக்கா அனுமதிக்கும். இமாச்சல, காஷ்மீர் ஆப்பிள் விவசாயிகள் முணுமுணுத்தார்கள். மற்றபடி இது ராஜதந்திர வெற்றியாகவே கொண்டாடப்பட்டது.

2025 மார்ச் 12 அன்று டிரம்ப் எஃகு வரியை விலக்கே இல்லாமல் மீண்டும் 25 சதவீதமாக்கினார். விண்ணப்பம் போடும் முறையே ஒழிந்தது. ஜூன் 4 அன்று 50 சதவீதம். ஆகஸ்ட் 27 முதல், ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்கான தண்டனையும் சேர்ந்து, பெரும்பாலான இந்தியச் சரக்குகளுக்கு மொத்தம் 50 சதவீதம் விதிக்கப்பட்டது. திருப்பூர் பின்னலாடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. வாங்குவோர் தள்ளுபடி கேட்டார்கள், அல்லது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் ஆர்டரைத் திருப்பினார்கள். பிரேசில் அந்த ஆகஸ்டிலேயே ஜெனீவாவில் புகார் கொடுத்தது. இந்தியா அப்படிச் செய்யவில்லை, பேச்சுவார்த்தையை நம்பியது.

ஆனால் எஃகு விஷயத்தில் இந்தியா 2025 மே மாதம் உலக வர்த்தக அமைப்புக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது. இந்த வரி உள்நாட்டுத் தொழில் பாதுகாப்பு நடவடிக்கைதான், ஆகவே அதற்கு ஈடாக அமெரிக்கச் சரக்குக்குப் பதில் வரி போடும் உரிமை எங்களுக்கு உண்டு என்பது அதன் சாரம். அமெரிக்காவின் பதில் சுருக்கமாக வந்தது: இது தேசப் பாதுகாப்புக்கான வரி, நீங்கள் சொல்லும் விதியின் கீழ் எங்களோடு பேச எதுவும் இல்லை. வரி 50 சதவீதமானதும் ஜூலையில் இந்தியா தொகையைத் திருத்தி மறுபடி அறிவிப்பு அனுப்பியது.